கதிர்வீச்சைக் காயப்போட்டவர்

மாமா,

உங்கள் மகனுக்குச் சில நாட்களாக முழங்கால் வலி. இன்று காலை தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். எக்ஸ்ரே அறையிலிருந்து வெளியே வந்த பெண்ணுக்கு எங்கள் மகளின் வயது இருக்கும். அவளுடைய வெள்ளை மேலங்கியில், தீப்பெட்டியைவிடச் சற்றே சிறியதாக ஒரு பேட்ஜ் குத்தியிருந்தது. உங்கள் மகன் பெயர் கூப்பிட்டதையும் கவனிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போவியா?" என்று கேட்டார்.

"ஐயோ, கூடாது சார். வேலை முடிஞ்சதும் இங்கேயே மாட்டிட்டுப் போயிடணும்."

"ரொம்ப நல்லது. தப்பித்தவறி எடுத்துட்டுப் போனாலும் மாமனார் கண்ணுல மட்டும் காட்டிடாதே."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாங்கள் இருவரும் சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம். சிரித்து முடித்தபோது அவர் துண்டின் நுனியால் கண்களைத் துடைத்துக்கொண்டார். நானும்தான்.

வீடு திரும்பியதும் எழுத உட்கார்ந்துவிட்டேன். ஊரார் உங்களைப் பற்றிப் பேசும்போது கூலி உயர்வுப் போராட்டத்தைப் பேசுகிறார்கள். திருச்சி சிறைக்குப் போய்வந்ததைப் பேசுகிறார்கள். கோயில் நிலத்தில் நம் தெருவுக்குக் குத்தகை உரிமை வாங்கித் தந்ததைப் பேசுகிறார்கள். அனைத்தும் உண்மை. ஆனால் நீங்கள் செய்தவற்றிலேயே பெரியதென்று நான் கருதும் செயல் ஒன்று உண்டு. அதற்கு மாலையும் இல்லை, மேடையும் இல்லை. அதை நேரில் கண்டவள் நான். அதனால் அதை முறையாக எழுதிவைப்பது என் கடமை என்று சொல்லிக்கொள்கிறேன். உங்களோடு கொஞ்ச நேரம் பேச வேண்டும் என்ற ஆசைக்கு அது நான் சூட்டியிருக்கும் கௌரவமான பெயர்.

மன்னார்குடிக்குத் தெற்கே, வாய்க்காலை ஒட்டிய நம் தெருவுக்கு நான் மருமகளாக வந்தபோது அத்தை காலமாகி ஓராண்டு ஆகியிருந்தது. வீட்டில் நீங்கள் மட்டும். உங்கள் மகன் கடற்படையில் இயந்திரப் பிரிவில் இருந்தார். ஆண்டுக்கு ஒருமுறை விடுப்பில் வருவார். ஐந்தாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவள் நான். அதன் பிறகு எனக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது எங்கள் ஊர்க் கழகப் படிப்பகம். ஆண்கள் படித்துவிட்டுப் போட்ட நாளேடுகளையும், மேடைப் பேச்சுகள் அச்சிட்ட சிறு வெளியீடுகளையும், பின்னாளில் மன்னார்குடி நூலகத்தின் அறிவியல் நூல்களையும் ஒன்று விடாமல் படித்தே என் தமிழை நானே உருவாக்கிக்கொண்டேன். பேசும்போதும் அந்தத் தமிழே வந்துவிடும். அதைக் கேட்டு ஊர் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள், ஆனால் உங்கள் சிரிப்பில் பெருமிதம் இருந்தது.

"மாமா, தாங்கள் உணவருந்த வரலாம்" என்று முதல் நாள் நான் அழைத்ததும், நீங்கள் வாசலில் நின்றிருந்தவர்களைப் பார்த்து, "கேட்டுக்கங்கடா. எனக்கு இந்த வீட்டுல சோறு கிடையாது, உணவுதான்" என்றீர்கள்.

நான் வந்த மறு ஆண்டு உங்கள் மகனை ஒரு புதிய கப்பலுக்கு மாற்றினார்கள். அணு உலையால் ஓடும் நீர்மூழ்கி. அதுபோன்ற ஒன்று நம் நாட்டுக்கு அப்போதுதான் முதன்முதலாக வந்திருந்தது. வெளிநாட்டிலிருந்து சில ஆண்டுகளுக்குக் குத்தகையாகப் பெற்றது. நாளேட்டில் அந்தச் செய்தியை நான் வாசித்ததும் நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள்.

"குத்தகையா?"

"ஆமாம் மாமா."

"குத்தகைதாரர் பதிவு பண்ணியிருக்காங்களான்னு பாரு. இல்லேன்னா சொந்தக்காரன் எப்ப வேணா எறக்கி விட்டுடுவான்."

அந்தத் தை மாதம் உங்கள் மகன் விடுப்பில் வந்தார். சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. கூலிப் பேச்சு முடியாமல் நிலக்காரர்களும் நம்மவர்களும் முறைத்துக்கொண்டிருந்த நேரம். ஆனாலும் மாலையில் நீங்கள் மகனைக் களத்துக்கு அழைத்துப்போய் உட்கார வைத்து, அந்த உலையைப் பற்றிக் கேட்டீர்கள். பத்திரிகைகளில் வெளிவந்துவிட்ட அளவுக்கே சொல்வேன் என்று அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஒரு குச்சியால் களத்து மண்ணில் படம் வரைந்தார். நடுவில் உலை. அதைச் சுற்றி ஓடிக்கொண்டேயிருக்கும் தண்ணீர். அந்தத் தண்ணீரின் சூட்டில் நீராவி. நீராவியால் சுழலும் சுழலி. உலையை நிறுத்த வேண்டுமானால் மேலிருந்து கோல்களை இறக்குவார்கள்.

"எறக்கினா அணைஞ்சிரும்ல?"

"அணையும்பா. ஆனா சூடு உடனே போகாது. அது பாட்டுக்கு உள்ளயே சூட்டைக் கெளப்பிக்கிட்டு இருக்கும். அதனால நிறுத்தின பிறகும் தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும். தண்ணி நின்னா உலையே உருகிடும்."

நான் இடைமறித்து, உக்ரைனில் ஓர் அணு உலை வெடித்தபோது நாளேடுகளில் படித்தவற்றைச் சொல்லத் தொடங்கினேன். நீங்கள் கையை உயர்த்தி என்னை நிறுத்தினீர்கள்.

"இரும்மா. எனக்குப் புரிஞ்சிருச்சு. ஈர வைக்கோலைப் போர் போட்டா உள்ளுக்குள்ள சூடேறுமே, அந்த மாதிரி. யாரும் தீ வைக்க வேணாம். தானா புகையும்."

"அதேதான்பா."

"போர்னா கையை விட்டுப் பார்த்து, சூடா இருந்தா பிரிச்சுப் போட்டுடுவோம்."

"இதுல கையையும் விட முடியாது, பிரிச்சும் போட முடியாது."

நிலத்தில் கட்டப்படும் உலைக்குச் சுற்றிலும் இடம் இருக்கும்; ஆபத்து என்றால் ஆட்கள் ஓடலாம், வெளியிலிருந்து உதவி வரலாம். நீர்மூழ்கியில் உலைக்கு இரண்டு தடுப்புகள் தள்ளி மனிதர்கள் உண்டு உறங்குகிறார்கள். ஓடுவதற்கு வெளியே கடல்தான் இருக்கிறது. உலையை நிறுத்தினால் கப்பலின் ஓட்டமும் நின்றுபோகும். இதையெல்லாம் உங்கள் மகன் அஞ்சாமல், ஏதோ மோட்டார் கொட்டகையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள்.

"கதவு உள்ளேருந்து தொறக்குமா, வெளியேருந்தா?"

அவர் குச்சியைக் கீழே வைத்தார். "ரெண்டு பக்கமும் தொறக்கும்பா. ஆனா ஒரு அறையில தீயோ கசிவோ வந்துட்டா, அந்த அறையை அடைச்சிடணும். மத்தவங்களைக் காப்பாத்த அதான் முறை."

"உள்ள ஆள் இருந்தா?"

"இருந்தாலும்."

நீங்கள் எழுந்து, காய்ந்த நெல்லைக் காலால் கிளறிவிட்டபடி களத்தின் மறுகோடிக்குப் போய்விட்டீர்கள். உங்கள் மகனுக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கூலி கேட்ட காலத்தில், கீழத்தஞ்சையில் ஒரு குடிசைக்குள் அடைபட்டுப் பெண்களும் பிள்ளைகளும் எரிந்துபோனார்களே, மறுநாள் காலையில் அந்த இடத்துக்குப் போனவர்களில் நீங்களும் ஒருவர். அங்கே கண்டதை வாழ்நாளில் யாரிடமும் நீங்கள் விவரித்ததில்லை. ஆனால் நம் வீட்டுக் கதவுக்கு உள் தாழ்ப்பாள் மட்டும் வைத்துக்கொண்டு, வெளித் தாழ்ப்பாளைப் பிடுங்கிப் போட்டிருந்தீர்கள்.

மறுநாள் சட்டைகளைத் துவைக்க எடுத்தபோதுதான் உங்கள் மகனின் சட்டைப் பையிலிருந்து ஒரு பேட்ஜ் கிடைத்தது. அவர் தலையில் அடித்துக்கொண்டார். கடற்படைத் தளத்தை விட்டு வெளியேறும்போது வாசலில் உள்ள பலகையில் மாட்டிவிட்டு வர வேண்டியதாம். ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் மறந்துவிட்டார். வெளியே எடுத்துவந்தது தெரிந்தால் தண்டனை. திரும்பிப் போனதும் சத்தமில்லாமல் மாட்டிவிடுவதாகச் சொன்னார்.

"இது என்னத்துக்குடா?" என்று கேட்டீர்கள்.

"உலைப் பக்கம் வேலை செய்யறப்ப உடம்புல கதிர்வீச்சு எவ்வளவு ஏறுதுன்னு தெரிஞ்சுக்கறதுக்குப்பா. இதுதான் உறிஞ்சி வச்சிருந்து காட்டும்."

"உறிஞ்சி உள்ளயே வச்சிக்குமா?"

"ஆமாம்பா."

விளக்கம் அந்த அளவில் நின்றுவிட்டது. பாபநாசத்தில் இருந்த என் தாய்வீட்டுக்கு நாங்கள் இருவரும் அன்று புறப்பட வேண்டியிருந்தது. பேட்ஜைச் சுவர் மாடத்தில் வைத்துவிட்டுப் போனோம். மறுநாள் மாலை திரும்பியபோது அது வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. விடுப்பு முடிந்து அவர் அதை எடுத்துக்கொண்டு விசாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தார்.

சில வாரங்கள் கழித்து ஒரு முற்பகலில், கூட்டுறவுச் சங்கத்தின் தொலைபேசிக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது. சங்கச் செயலாளர், பண்ணை வீட்டுக்கு உறவுக்காரர். தெருமுனையில் நின்றே குரல் கொடுத்தார். "யோவ், உன் வீட்டு அணுகுண்டு ஃபோன்ல கூப்பிடுதுய்யா, ஓடியா!"

"குண்டு வேறங்க, உலை வேறங்க. எம்மருமககிட்ட கேளுங்க, வெளக்கமா சொல்லும்" என்று சொல்லியபடியே நீங்கள் ஓடினீர்கள். நானும் பின்னால் ஓடினேன்.

தொலைபேசியில் உங்கள் மகனின் குரல் எனக்கு அந்நியமாகக் கேட்டது. சட்டையில் குத்தும் அந்தப் பேட்ஜ் முழுவதும் கறுத்துவிட்டதாம். அவரை உலைப் பிரிவிலிருந்து விலக்கி மருத்துவமனையில் வைத்திருக்கிறார்களாம். ரத்தத்தைத் திரும்பத் திரும்பச் சோதிக்கிறார்களாம். "எங்க பட்டுச்சுன்னே தெரியல. எங்கயோ கசியுது. கண்டுபிடிக்க நம்ம பசங்களை மாத்தி மாத்தி உள்ள அனுப்புறாங்க" என்றார். பிறகு சற்றுப் பொறுத்து, "நமக்கு இனிமே கொழந்தை..." என்றார். அத்தோடு தொடர்பு அறுந்துபோயிற்று.

வாய்க்கால் கரை வழியாகத் திரும்பி நடந்தோம். அழுதுகொண்டே நான் நடக்க, நீங்கள் பாதி வழியில் நின்றுவிட்டீர்கள்.

"கறுத்துப்போச்சுன்னா சொன்னான்?"

"ஆமாம் மாமா."

"அது நான் செஞ்சதும்மா."

எனக்கு விளங்கவில்லை. நீங்கள் விளக்கினீர்கள். நாங்கள் பாபநாசத்தில் இருந்த அந்த நாளில் நீங்கள் பேட்ஜை எடுத்து, உள்ளே இருந்த கறுப்புத் தாள் உறையை நெல் உமி நீக்குவதுபோல நகத்தால் பிரித்து, அதற்குள் இருந்த மெல்லிய ஏட்டைத் துண்டின்மேல் வைத்து, களத்தில் நெல்லுக்குப் பக்கத்திலேயே உச்சி வெயிலில் காயவைத்திருக்கிறீர்கள். ஒரு பக்கம் காய்ந்ததும் மறுபக்கம் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள். மாலையில் உறையை முன்போலவே மடித்து உள்ளே வைத்துவிட்டீர்கள். வெயில் காட்டாத எந்தப் பொருளையும் வீட்டுக்குள் சேர்க்காதவர் நீங்கள். நெல்லானாலும் பாயானாலும் என் புத்தகங்களானாலும், ஈரம் தங்கினால் உள்ளிருந்தே கெட்டுவிடும் என்பீர்கள். மகன் மார்பில் குத்திக்கொள்ளும் பொருள் நஞ்சை உறிஞ்சி வைத்திருக்கிறது என்று கேள்விப்பட்ட பிறகு, அதை வெயிலுக்குக் கொடுக்காமல் அனுப்ப உங்களுக்கு எப்படி மனம் வரும்?

அழுதுகொண்டிருந்த நான் அந்தக் கரையிலேயே உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கிவிட்டேன். அது புகைப்படச் சுருள் போன்றதென்றும், வெளிச்சம் பட்டாலே கறுத்துவிடுமென்றும் சொன்னேன். என் கணவருக்கு ஒன்றுமில்லை! கசிவும் இல்லை, நோயும் இல்லை! நீங்கள் சிரிக்கவில்லை.

"அப்ப உள்ள போயித் தேடுறவங்க?"

மாமா, அன்று நான் சொன்ன பதிலை மாற்றி எழுத மாட்டேன். "அவர்கள் தேடிப் பார்த்துவிட்டு, இல்லையென்று விட்டுவிடுவார்கள். இவரைக் கரையிலேயே வேறு பணியில் அமர்த்திவிடுவார்கள். இவருக்கு மட்டும் உண்மையைத் தெரிவிப்போம். மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டாம்" என்றேன். திருமணமாகி, கணவரோடு சேர்ந்து வாழ்ந்த நாட்கள் மிகச் சொற்பமாக இருந்த ஒரு பெண் அதைத்தான் சொல்வாள். அதற்காக நான் அன்றும் வெட்கப்படவில்லை, இன்றும் வெட்கப்படவில்லை.

நீங்கள் கோபித்துக்கொள்ளவும் இல்லை. "எனக்கும் அதான் ஆசை" என்றீர்கள். "கரையில இருந்தா நான் நிம்மதியா தூங்குவேன். ஆனா அவங்க எங்க தேடுவாங்க? அந்த உலைக்குப் பக்கத்துலதானே? என் புள்ள வெளிய நிக்கணும்னு இன்னொருத்தன் புள்ளைய உள்ள அனுப்பச் சொல்றியா?"

"ஒரு தந்தி கொடுத்துவிடலாமே மாமா."

"தந்தி அடிச்சா நம்புவானா? புள்ளையக் காப்பாத்தக் கதை கட்டுறான்னு நெனப்பான். செஞ்சவன் நேர்ல போய் நிக்கணும்."

கூலிப் பேச்சு முடிவுக்கு வரும் கட்டத்தில் இருந்தது. விவசாயத் தொழிலாளர் சங்கத்துத் தோழர்கள் வாசலில் வந்து நின்று, "இப்பப் போறீங்களேண்ணே" என்று கெஞ்சினார்கள். "நெல்லு ஓடிப்போகாது, வந்து பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டீர்கள். ஆங்கிலம் பேச ஆள் வேண்டுமென்று நானும் வந்தேன். சென்னைக்கு ஒரு ரயில். அங்கிருந்து விசாகப்பட்டினத்துக்கு வேறொன்று. வழியெல்லாம் அகராதியை வைத்துக்கொண்டு நான் ஆங்கில வாக்கியங்களைக் கட்டினேன். தளத்து வாசலில் காவலரிடம் அவற்றைத் தலைநிமிர்ந்து ஒப்புவித்தேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அக்கா, நான் காரைக்கால்தான். தமிழ்லயே சொல்லுங்க" என்றார். நீங்கள் அந்தப் பயணத்தில் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

நீண்ட காத்திருப்புக்குப் பிறகு மருத்துவ அதிகாரி ஒருவரிடம் அழைத்துச் சென்றார்கள். சென்னையில் வளர்ந்தவர், நல்ல தமிழ் பேசினார். நாற்காலியில் உட்காரச் சொன்னார். நீங்கள் நின்றுகொண்டே சொன்னீர்கள்.

"அந்த பேட்ஜ் கறுத்தது என்னாலதான் சார். நான்தான் வெயில்ல வச்சேன்."

"வெயில்லயா? எதுக்குப் பெரியவரே?"

"உறிஞ்சி வச்சிருக்குன்னு சொன்னான். உறிஞ்சினது எதுவானாலும் வெயில் வாங்கிடும்னு வச்சேன்."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு பக்கமும் காயற வரைக்கும்."

"திருப்பி வேற போட்டீங்களா?"

"ஒரு பக்கம் மட்டும் காஞ்சா போதுமா சார்?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. ஆனால் பேசியபோது குரலில் கேலி இல்லை. "பேட்ஜுக்குள்ள சின்னச் சின்ன உலோகத் தகடு இருக்கும். கதிர்வீச்சு பட்டா, தகடு மறைக்கிற இடம் வேற மாதிரி தெரியணும். இதுல எல்லா இடமும் ஒரே மாதிரி கறுப்பு. வெளிச்சம் பட்டிருக்குமோன்னு எங்களுக்குச் சந்தேகம் இருந்துச்சு. உங்க பையன் வெளிய எடுத்துட்டுப் போனதைச் சொல்லவே இல்ல. சந்தேகத்தை மட்டும் நம்பி, கசிவு இல்லன்னு சொல்லி, அத்தனை பேரை அதுக்குப் பக்கத்துல படுக்க வைக்க முடியாதுல்ல? அதான் தேடச் சொன்னோம்."

உறையை நீங்கள் எப்படிப் பிரித்தீர்கள், எப்படி மடித்தீர்கள் என்று செய்துகாட்டச் சொன்னார். வேறொரு பழைய பேட்ஜை எடுத்துத் தந்தார். உங்கள் தடித்த விரல்கள் அதே மடிப்பைத் திரும்பச் செய்தன. பார்த்துவிட்டுத் தொலைபேசியை எடுத்து, தேடுதலை அன்றைக்கு நிறுத்திவைக்குமாறு யாரிடமோ சொன்னார். பிறகு உங்களைப் பார்த்தார்.

"வெளிய எடுத்துட்டுப் போனதுக்கும் மறைச்சதுக்கும் அவருக்குத் தண்டனை உண்டு."

"குடுங்க சார். தப்புதானே."

"அது முடிஞ்சதும் திரும்ப அதே கப்பல்தான். உலைப் பிரிவுதான். அது தெரியுமில்ல?"

நீங்கள் மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டீர்கள். "தெரிஞ்சுதான் சார் வந்தேன்" என்றீர்கள்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உங்கள் மகன் எங்களைப் பார்த்து ஓடிவந்தார். இளைத்திருந்தார். நடந்ததைக் கேட்டதும் அவருக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது! "என்னப்பா பண்ணி வச்சீங்க! நான் இங்க செத்துப்போயிடுவேன்னு நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன். அது என்ன நெல்லா?" என்று கத்தினார். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கத்திக்கொண்டே வந்தவர் உங்கள் தோளில் முகத்தை வைத்துவிட்டார். நீங்கள் அவர் முதுகைத் தடவியபடி, என்னைப் பார்த்து, "உடம்பு சூடு இல்லம்மா, நல்லாத்தான் இருக்கான்" என்றீர்கள்.

அவர் தண்டனையை முடித்துக்கொண்டு கப்பலுக்குத் திரும்பினார். நாம் ஊருக்குத் திரும்பினோம். அதன் பிறகு வந்த மாதங்களை நான் மிகவும் நேசிக்கிறேன் என்று சொன்னால் விந்தையாக இருக்கும், ஆனால் உண்மை. அவர் கடலுக்கு அடியில் போயிருக்கும் நாட்களில் காலையில் நாளேடு வந்ததும், "கடல் ஏதாவது போட்டிருக்கானா பாரு" என்பீர்கள். எல்லாப் பக்கங்களையும் பார்த்து, இல்லையென்று நான் சொன்ன பிறகுதான் வயலுக்கு இறங்குவீர்கள்.

ஒருநாள் அப்படி ஒரு செய்தி இருந்தது. வடதுருவத்தை ஒட்டிய கடலில் வேறொரு நாட்டின் அணு நீர்மூழ்கி தீப்பிடித்து மூழ்கியிருந்தது. மாலுமிகளில் பலர் இறந்திருந்தார்கள். இரண்டு முறை வாசிக்கச் சொன்னீர்கள்.

"அந்த உலை இப்ப எங்க இருக்கு?"

"கடலடியில்தான் மாமா. மூழ்குவதற்கு முன்பே நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறார்கள்."

"நிறுத்தினா சூடு போயிடுமா? அவன்தானே சொன்னான், போகாதுன்னு."

சுற்றிலும் கடல்நீர் இருக்கிறது, அது குளிரவைக்கும் என்று படித்ததைச் சொன்னேன். ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த இரும்பு அரித்தால் என்ன ஆகும் என்பதை எழுதியவர்களும் உறுதியாகச் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, "நாம் விசாகப்பட்டினம் போனதற்காக வருந்துகிறீர்களா மாமா?" என்று கேட்டேன்.

"வருத்தம் இல்லாம இருக்குமா?" என்றீர்கள். "வருத்தமா இருக்குன்னு நடந்ததை மாத்திச் சொல்ல முடியுமா?" என்று கேட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். அந்த ஆண்டு கூலி ஒப்பந்தத்தில் நம்மவர்கள் கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. நீங்கள் இருந்திருந்தால் கிடைத்திருக்கும் என்று சிலர் முணுமுணுத்தார்கள். அவர்களிடம் நீங்கள் எதையும் விளக்கவில்லை.

ஐப்பசி அடைமழையில் உங்களுக்கு மார்வலி வந்தது. மன்னார்குடி மருத்துவமனையில் சேர்த்தோம். உங்கள் மகன் அப்போது கடலுக்கு அடியில் இருந்தார். குடும்பங்களிலிருந்து சுருக்கமான செய்திகளைக் கப்பலுக்கு அனுப்பும் ஏற்பாடு ஒன்று இருந்தது. கெட்ட செய்தியானால் அனுப்புவதா, அவர் கரைக்கு வரும்வரை வைத்திருப்பதா என்று குடும்பத்தாரைக் கேட்பார்கள். நான் அனுப்பிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். தந்தையின் நிலையை அறிய மகனுக்கு உரிமை உண்டு என்பது என் வாதம். உங்களிடம் அதைச் சொன்னபோது பகல் உணவு நேரம். பக்கத்துக் கட்டிலில் யாரோ தூக்குவாளியைத் திறந்துகொண்டிருந்தார்கள். நீங்கள் வேண்டாமென்று தலையசைத்தீர்கள்.

"அனுப்பாதம்மா."

"உண்மையைச் சொல்வதற்காக என்னை அவ்வளவு தூரம் அழைத்துப் போனவர் நீங்கள். இப்போது மறைக்கச் சொல்கிறீர்களே?"

"மறைக்கச் சொல்லல. மேல வந்தப்புறம் சொல்லுன்றேன்." மூச்சு வாங்கிக்கொண்டீர்கள். "இப்ப அவன் கையில நெருப்பு இருக்கு. அதை வச்சிக்கிட்டு அழக்கூடாது. பக்கத்துல ஆளுங்க தூங்குவாங்க."

வாதம் புரிவதில் என்னை வெல்ல ஊரில் ஆள் இல்லை என்ற செருக்கு எனக்கு உண்டு. அன்று அந்தச் செய்தியை நான் அனுப்பவில்லை. மறுநாள் நீங்கள் போய்விட்டீர்கள்.

மகன் இல்லாத இடத்தில் கொள்ளிச்சட்டியை யார் எடுப்பது என்று தெருவில் பேச்சு எழுந்தது. உறவில் ஒருவர், "பொம்பள எடுத்து இந்தத் தெருவுல வழக்கமில்ல" என்றார். "வழக்கமில்லாததைச் செய்துதான் இவர் சிறைக்குப் போனார்" என்றேன் நான். மழை சற்று விட்டிருந்தது. நானே எடுத்தேன். சுடுகாட்டுப் பாதை முழுவதும் என் கண்ணில் ஒரு துளி நீர் வரவில்லை. அழுதால் கை ஆடும். உங்கள் சொல்லின் பொருள் அந்தப் பாதையில்தான் எனக்கு உடலால் புரிந்தது.

சில வாரங்கள் கழித்து உங்கள் மகன் வந்தார். மன்னார்குடிப் பேருந்து நிலையத்துக்கு நானே போயிருந்தேன். பெட்டியைக் கீழே வைக்கச் சொன்னேன். தண்ணீர் குடிக்கச் சொன்னேன். பிறகு சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்னைக்கு?" என்று மட்டும் கேட்டார். நாளைச் சொன்னேன். நினைத்துப் பார்த்தார்.

"அன்னைக்கு நான் உலைப் பக்கம்தான் இருந்தேன்" என்றார். "ஏன் சேதி அனுப்பலை?"

நீங்கள் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவர் அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து, பேருந்துகள் வந்துபோகும் அந்த இரைச்சலுக்கு நடுவில், குழந்தைபோல அழுதார். அவர் கையில் அப்போது எதுவும் இல்லை. நன்றாக அழட்டும் என்று நான் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

அவர் அந்தக் கப்பலில் தம் பணிக்காலத்தை நல்லபடி முடித்தார். எங்களுக்கு மகள் பிறந்தாள். நான் ஊராட்சி மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டேன். பதவி முடிந்து நெடுங்காலம் ஆன பிறகும், ஒரு வீட்டுக்குத் துயரச் செய்தி சொல்ல வேண்டுமானால் ஊரார் என்னைத்தான் அனுப்புகிறார்கள். திருத்தமாகப் பேசுவேன் என்பதால் அனுப்புவதாக அவர்கள் நினைக்கிறார்கள். நான் பேசுவது பிற்பாடுதான், மாமா. டிராக்டர் ஓட்டிக்கொண்டிருப்பவரானால் இயந்திரத்தை நிறுத்தச் சொல்கிறேன். இடுப்பில் பிள்ளையை வைத்திருப்பவளானால் அதை நான் வாங்கிக்கொள்கிறேன். அடுப்படியில் இருப்பவளானால் உலையை இறக்கிவைக்கும்வரை வாசலிலேயே நிற்கிறேன். கைகள் காலியாகிவிட்டன என்று கண்ட பிறகே வாயைத் திறக்கிறேன்.